உளவியல் வரலாற்றுத் தாளை மீண்டும் சேருங்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பி.எஸ்சி. உளவியலுக்கான புதிய சிலபஸ் எங்கள் கல்லூரிக்கும் வந்து சேர்ந்தது. 'உளவியலின் வரலாறும் சிந்தனைப் பள்ளிகளும்' என்ற தாள் அதில் இல்லை. முன்பு கட்டாயத் தாளாக இருந்ததை முதலில் விருப்பத் தாளாக மாற்றினீர்கள். இப்போது அது முதல் செமஸ்டர் பொது உளவியலில் அரை யூனிட். அந்த இடத்துக்குப் பணியிடத் திறன் தாள் வந்திருக்கிறது. வேலைவாய்ப்புதான் காரணம் என்று கூட்டக் குறிப்பில் படித்தேன். மாணவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்ற உங்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். என் கோரிக்கை ஒன்றுதான்: வரலாற்றுத் தாளை ஒரு முழு செமஸ்டர் கட்டாயத் தாளாக மீண்டும் சேருங்கள்.

அரை யூனிட்டில் என்ன நடத்த முடியும்? 1879, வுண்ட், லைப்சிக்கில் உளவியல் ஆய்வகம். 1912, வெர்தைமர், கூறுகளை விட முழுமையே முதன்மை என்ற கெஸ்டால்ட் பள்ளி. 1913, வாட்சன், நடத்தையியல். ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். ஆனால் இந்த ஆண்டுகளுக்கு நடுவே ஓடிய வாதம்தானே பாடம்! மனமும் உடலும் இரு வேறு பொருள்கள் என்றார் தத்துவஞானி டெகார்ட். பிறக்கும்போது மனம் ஒன்றும் எழுதாத தாள் என்றார் லாக். உள்ளத்தில் நடப்பதைக் கணிதத்துக்குள் கொண்டுவர முடியாது, அதனால் உளவியல் முறையான அறிவியல் ஆகவே முடியாது என்று 1786-இல் காண்ட் எழுதினார். உணர்வை அளக்க வழி சொன்ன ஃபெக்னரின் 1860-ஆம் ஆண்டு நூலைக் காண்டுக்கான பதிலாகத்தான் நான் வகுப்பில் நடத்துகிறேன். கையில் இருக்கும் எடை எவ்வளவு கூடினால் வித்தியாசம் தெரியும் என்று வெபர் சோதித்துப் பார்த்ததை அவர் சமன்பாடாக்கினார். அதற்கு முன்பே ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் துடிப்பு ஓடும் வேகத்தை அளந்துவிட்டார். இதையெல்லாம் சொன்ன பிறகு வுண்டின் ஆய்வகத்துக்கு வந்தால், கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். சொல்லாமல் வந்தால் 1879 வெறும் எண்தான்.

மாணவர்கள் கையில் இருக்கும் கைடுகளும் ஜெராக்ஸ் நோட்ஸும் வுண்டை அமைப்பியல்வாதி, அதாவது மனதை அதன் கூறுகளாகப் பிரித்துப் பார்ப்பவர், என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அமைப்பியல் என்ற பள்ளியை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கட்டியவர் அவருடைய மாணவர் டிட்செனர். வுண்ட் தன் கடைசி இருபது ஆண்டுகளில் மொழி, தொன்மம், வழக்கம் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதினார், ஏனென்றால் இவையெல்லாம் ஆய்வகத்துக்குள் அடங்காது என்பது அவர் கருத்து. அப்புறம் வாட்சன். அவர் 1913-இல் திடீரென்று குதித்து வரவில்லை. மனதில் எந்தக் காட்சியும் பிம்பமும் இல்லாத எண்ணம் உண்டு என்று ஜெர்மனியில் கூல்பேயின் வூர்ஸ்பர்க் ஆய்வகம் சொன்னது, கிடையாது என்று டிட்செனரின் ஆய்வகம் சொன்னது. இரண்டு பக்கமும் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் மனதைத்தான் உற்றுப் பார்த்தார்கள். யார் சொல்வது சரி என்று தீர்க்க வழியே இல்லை. அந்த முட்டுச்சந்தைப் பார்த்தால்தான், மனதை விடு, நடத்தையைப் பார் என்ற வாட்சனின் கோபம் புரியும். அரை யூனிட்டில் இதற்கு எங்கே நேரம்?

வரலாறு தெரியாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கூட்டத்தில் கேட்கப்பட்டதாக அறிந்தேன். ஒரு நடப்பைச் சொல்கிறேன்.

எங்கள் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், அந்த விருப்பத் தாளை எடுக்காதவர், களப்பயிற்சிக்காக ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போனார். நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தைக்கு நுண்ணறிவுச் சோதனை வைத்தார். கையேட்டில் சொன்னபடி எல்லாம் செய்தார். மதிப்பெண் குறைவாக வந்தது. 'பிறவியிலேயே நுண்ணறிவு குறைவு' என்று அறிக்கையில் எழுதி, குழந்தையின் அம்மாவிடமும் சொல்லிவிட்டார். அந்த அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்கே வந்து என்னிடம் கேட்டார்: "அஞ்சாவதோட நிறுத்திடட்டுமா மேடம்? நீங்களே சொல்லிடுங்க."

அந்த மாணவர் அக்கறை உள்ளவர், நன்றாகப் படிப்பவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. 1904-இல் பிரெஞ்சு அரசு அமைத்த ஒரு குழு, வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்தது. அடுத்த ஆண்டு உளவியலாளர் பினேயும் மருத்துவர் சிமோனும் 30 பணிகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார்கள். யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிப்பதே நோக்கம். ஒரு குழந்தையின் நுண்ணறிவு மாறாத அளவு, அதைக் கூட்ட முடியாது என்று சொல்வோரைப் பினே 1909-இல் கடுமையாகக் கண்டித்தார். அவர் 1911-இல் இறந்துவிட்டார். அதே சோதனையை உளவியலாளர் கோடார்ட் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது அது பிறவிக் குறையை அளக்கும் கருவியாக மாறிவிட்டது. மந்தபுத்தி என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் வர்ஜீனியா சட்டத்தை 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. இவ்வளவும் தெரிந்த ஒரு மாணவர் 'பிறவியிலேயே' என்ற சொல்லை எழுதுவதற்கு முன் கை நடுங்கியிருக்கும். அந்த அம்மாவை உட்கார வைத்து இதைப் புரியவைக்க ஒரு மதியம் முழுவதும் ஆனது. இப்படி வராத அம்மாக்கள் எத்தனை பேரோ!

அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன், அந்தத் தாளைத் திருப்பித் தாருங்கள்.

வேலைவாய்ப்பு என்கிறீர்கள். சரி. பணியிட உளவியலை வளர்த்த முன்னோடி மூன்ஸ்டர்பெர்க், வுண்டின் மாணவர். 1896-இல் பென்சில்வேனியாவில் முதல் உளவியல் கிளினிக்கைத் தொடங்கிய விட்மரும் வுண்டின் மாணவர். ஹார்வர்டில் மூன்ஸ்டர்பெர்க்கிடம் படித்த நரேந்திரநாத் சென்குப்தாதான் 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் உளவியல் துறையை நடத்த வந்தார். மருத்துவ உளவியல், ஆலோசனை, தொழில் உளவியல் என்று நீங்கள் வரிசையாக வைத்திருக்கும் கிளைகள் எல்லாவற்றுக்கும் அடிமரம் நீக்கப்பட்ட அந்தத் தாளில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் மனதில் கிடந்து உறுத்துகிறது. நூலகத்தில் உளவியலுக்குப் புதிய தமிழ்ப் புத்தகம் வாங்கி ஆண்டுகள் ஆகின்றன. தமிழ் வழியில் பள்ளி முடித்து வரும் பிள்ளைகள் யூடியூபை நம்பித் தேர்வு எழுதுகிறார்கள். காலிப் பணியிடங்களைக் கௌரவ விரிவுரையாளர்கள் சொற்பச் சம்பளத்தில் சுமக்கிறார்கள். வெளியே வார இறுதி வகுப்பில் ஆலோசகர் சான்றிதழ் வாங்கியவர்கள் பலகை மாட்டுகிறார்கள். மூன்று ஆண்டு படித்த எங்கள் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு இருக்க வேண்டும் என்று இந்தக் குழு ஒரு நாளாவது பேசியதா? வகுப்பெடுக்கும் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். இவற்றையெல்லாம் ஒரே கூட்டத்தில் தீர்க்க முடியாது என்பது தெரியும். வரலாற்றுத் தாள் மட்டும் உங்கள் ஒரு தீர்மானத்தில் திரும்பி வரக்கூடியது. மூன்றாம் செமஸ்டரில் வைத்தால் களப்பயிற்சிக்கு முன்பே மாணவர்கள் படித்துவிடுவார்கள். பணியிடத் திறனைக் கூடுதல் படிப்பாக வைத்துக்கொள்ளலாம். யூனிட் வாரியான வரைவையும், தமிழில் பாடக்குறிப்புகளையும் ஊதியம் எதுவும் இன்றி எழுதித்தர நானும் உடன் பணிபுரிவோரும் தயாராக இருக்கிறோம். அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்த்து, எங்களில் ஒருவரையாவது அழைத்துக் கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
இணைவுபெற்ற கல்லூரி ஒன்றின் உளவியல் உதவிப் பேராசிரியர்