எங்கள் உயர்தர வகுப்பைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

அன்பானவர்களே,

2022ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு 2023 செப்டெம்பரில்தான் வந்தது. பரீட்சையே 2023 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அப்புறம் பல்கலைக்கழக விரிவுரையாளர்களின் வரி எதிர்ப்புப் போராட்டத்தால் விடைத்தாள் திருத்துவதும் இழுபட்டது. அதனால்தான் என் நன்றியும் பிந்தி வருகிறது.

எங்கள் கலைப்பிரிவில் பன்னிரண்டு பிள்ளைகள். இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் 2022 மார்ச்சில் கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்திலேயே தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள் என்றால், வவுனியாவுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் எங்கள் நிலையைச் சொல்லவா வேண்டும்? கரும்பலகையில் நான் எழுதும் வினாக்களைப் பிள்ளைகள் பழைய கொப்பிகளின் மிச்சப் பக்கங்களில் பார்த்தெழுதவே பாதிப் பாடவேளை போய்விடும். அச்சகத்து ஐயா, வீணாய்ப்போன தாள்களை நீங்கள் கட்டுக்கட்டாக அனுப்பியது அப்போதுதான். முன்பக்கம் யாருடையதோ கல்யாண அழைப்பிதழ், பின்பக்கம் எங்கள் மாதிரி வினாத்தாள். அந்தக் கட்டு வந்த அன்று பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஜூலையில் எரிபொருள் இல்லாமல் நாடு முழுக்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டுப் போன கிழமையில் கோயில் மண்டபத்தில் எங்கள் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு மனம் முழுக்கக் கொழும்பில்தான். சரி என்று, பதில் ஜனாதிபதி எப்படி வருகிறார், நாடாளுமன்றம் எப்படித் தெரிவு செய்கிறது என்பதையே அன்று பாடமாக எடுத்தேன். மண்டபத் திறப்பை நம்பிக் கையில் தந்த தர்மகர்த்தாவுக்கும், மதியக் கஞ்சி காய்ச்சிய அம்மாமாருக்கும் என் நன்றி.

ஓட்டோ அண்ணை, எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது முச்சக்கரவண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல்தான். உங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததும் அந்த ஓட்டத்தில்தான். அப்படியிருந்தும் நகரத்திலிருந்து பொருளியல் ஆசிரியரை ஏற்றி வந்தீர்கள். காசை நீட்டினால், "பிள்ளையள் படிக்கட்டும் ரீச்சர்" என்று வண்டியைத் திருப்பிவிடுவீர்கள்.

பரீட்சை எழுதியவர்கள் பதினொரு பேர். அப்பாவின் வேலை நின்றதும் பன்னிரண்டாவது பிள்ளை ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். 1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியால் படித்து ஆசிரியையானவள் நான். அவளைத் தடுத்து நிறுத்த முடியாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. போன மாதம் வந்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாமா என்று கேட்டாள்.

ஐயா, உங்கள் தாளில் ஒரு கட்டு மிச்சம் இருக்கிறது. அவளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
வகுப்பாசிரியை