தமிழில் மட்டும் ‘நாளொன்றுக்கு மூன்று தடவை’

உப்புவெளி,
திருகோணமலை.
18.08.2025

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

பொருள்: பருவுக்கான பேஸ்வொஷ் டியூப்பில் ஒட்டியுள்ள தமிழ் ஸ்டிக்கர்

ஐயா / அம்மணி,

நீங்கள் இறக்குமதி செய்து விற்கும் பரு பேஸ்வொஷ் ஒன்றை யூலை 6ஆம் திகதி இங்குள்ள ஒரு பாமசியில் 2,450 ரூபா கொடுத்து வாங்கினேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகளுக்காக. பற்றுச்சீட்டின் பிரதியும் படங்களும் இத்துடன் உள்ளன.

அவளுக்கு நெற்றியிலும் தாடையிலும் பரு. அம்மம்மா சொன்ன கடலை மா, மஞ்சள் எல்லாம் போட்டாயிற்று. குளிக்கும் சவர்க்காரத்தால் முகம் கழுவிப் பார்த்ததில் தோல் இழுபட்டதுதான் மிச்சம். சரி, பருவுக்கென்றே செய்ததை வாங்குவோம் என்றுதான் உங்கள் டியூப்பை எடுத்தேன். பின்பக்கம் முழுவதையும் மூடி மும்மொழி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தமிழில் இருந்தது இவ்வளவுதான்: “நாளொன்றுக்கு மூன்று தடவை பாவிக்கவும். வெண்மையாக்கும்.”

பிள்ளை அதில் சொன்னபடி செய்தாள். காலையில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், படுக்கப் போகும்போது. நாலாம் நாளே கன்னம் சிவந்தது. இரண்டாவது கிழமை மூக்கோரம் செதில் செதிலாக உரிந்தது. கச்சான் காற்று அடிக்கிற காலம். மத்தியான வெயிலில் சைக்கிளில் ரியூசனுக்குப் போய் வந்தால் வியர்வை பட்டே எரிகிறது என்று அழுதாள். ஸ்டிக்கரில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். பேசிய தங்கச்சி மரியாதையாகத்தான் பேசினார்: “உள்ளே இருக்கிற பரு வெளியில வருது அம்மா, விடாமல் போடுங்கோ.” அந்தப் பேச்சை நம்பி இன்னும் ஒரு கிழமை போடவிட்டேன். அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு துவாய். மகள் முகம் துடைக்கும் மெரூன் நிறத் துவாயில் திட்டுத் திட்டாக நிறம் போயிருந்தது. தலையணை உறையிலும் அப்படியே. முதலில் சலவைத்தூளைத்தான் சந்தேகித்தேன். அடுத்த நாள் டியூப்பை வேலைக்குக் கொண்டுபோய், கூட வேலை செய்யும் சிங்களத் தோழியிடம் ஸ்டிக்கரில் இருந்த சிங்கள வரியை வாசிக்கச் சொன்னேன். அதில் “ஆரம்பத்தில் கிழமைக்கு மூன்று நாள்” என்று இருக்கிறதாம். வீட்டுக்கு வந்து சுடுநீரில் ஊறவைத்து ஸ்டிக்கரை உரித்தேன். கீழே உற்பத்தியாளர் அச்சடித்த ஆங்கிலத்தில் எல்லாம் இருந்தது: பரு மருந்தான பென்சொயில் பெரொக்சைட் 10%, கிழமைக்கு மூன்று தடவையில் தொடங்கவும், தலைமயிரையும் நிறத்துணிகளையும் வெளிறச் செய்யலாம்.

அதாவது துவாயைப் பற்றிய எச்சரிக்கைதான் உங்கள் தமிழில் “வெண்மையாக்கும்” என்று ஆகியிருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை அதை எப்படி வாசிப்பாள்? முகம் வெள்ளையாகும் என்று நினைத்து, எனக்குத் தெரியாமல் நாலாவது தடவையும் போட்டிருக்கிறாள். பிறகுதான் சொன்னாள்.

தோல் வைத்தியரிடம் கொண்டுபோனோம். மருந்தில் பிழையில்லை, பருவை உண்டாக்கும் கிருமியைக் கொல்வதுதான், ஆனால் பாவித்த விதம் தோலைப் புண்ணாக்கிவிட்டது என்றார் டொக்டர். முதன்முதலாகப் பாவிப்பவருக்கு 2.5 வீதமே போதும், 10 வீதம் எரிச்சலைத்தான் கூட்டும் என்றும் சொன்னார். சவர்க்காரத்தைப் பற்றியும் கேட்டேன். அதன் பீஎச் (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 9, 10 அளவில் இருக்கும், முகத்தோல் 5ஐ ஒட்டியது, அதனால்தான் இழுபட்டது என்றார். இப்போது எல்லாவற்றையும் நிறுத்தி, வாசனை சேர்க்காத சாதாரண கிளென்சர் ஒன்றால் காலையும் இரவும் மட்டும் விரல் நுனியால் தடவிக் கழுவுகிறாள், துடைப்பதும் ஒற்றித்தான். தோல் ஆறியபிறகே பருவுக்கான மருந்து, அதுவும் குறைந்த அளவில், விட்டு விட்டு.

எனக்கு வேண்டியது இவை. டியூப்பின் விலையும் வைத்தியச் செலவும் (பற்றுச்சீட்டுகள் உள்ளன) திருப்பித் தரப்பட வேண்டும். அதைவிட முக்கியமாக, கடைகளில் இருக்கும் டியூப்புகளை எடுத்து, தமிழ் தெரிந்த ஒருவரைக் கொண்டு வரிகளைத் திருத்தி ஒட்டுங்கள். மருந்தின் பெயரும் வீதமும் இருக்கும் இடத்தை மூடாமல் ஒட்டுங்கள். தொலைபேசியில் பதில் சொல்லும் பிள்ளைகளுக்கும், எரிகிறது, உரிகிறது என்று யாராவது சொன்னால் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லப் பழக்குங்கள்.

14 நாட்களுக்குள் தமிழில் எழுத்துமூலப் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இதே கடிதத்தை அனுப்புவேன். 1977 என்ற அவர்களின் தொலைபேசி இலக்கமும் என்னிடம் இருக்கிறது.

துவாய்க்கு நட்டஈடு கேட்கவில்லை. உரித்த ஸ்டிக்கரோடு அதையும் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்தால் காட்டலாம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)