தாமதம் எங்களுடையது மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழை நாடுகளில் அறுவை சிகிச்சை வசதி பற்றிச் சென்ற வார இதழில் வந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். அந்நாடுகளின் கிராமத்தாரைப் போலவே நம் கடலோர மீனவ மக்களும் அறியாமையால் நோயை முற்றவிட்ட பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. இக்கடற்கரையின் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக, பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரிலேயே, பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். அந்த வரி என்னை மிகவும் புண்படுத்திவிட்டது.

உலகில் அறுவை சிகிச்சை வசதி பற்றி ஆராய ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015இல் வெளியிட்ட அறிக்கை தங்களுக்குத் தெரியாததல்ல. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை என்றும், ஆண்டுதோறும் நடக்கும் சுமார் 31 கோடி அறுவை சிகிச்சைகளில் மிக ஏழையான மூன்றில் ஒரு பங்கு மக்களுக்குக் கிடைப்பது வெறும் 6 விழுக்காடு என்றும் அது கூறுகிறது. இதற்கு அறியாமைதான் காரணம் என்று அவ்வறிக்கை சொல்லவில்லை. பிரசவ மரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்ற இரு பெண்மணிகள் 1994லேயே தாமதத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: மருத்துவமனைக்குப் போவதென முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். தங்கள் கட்டுரையாளர் முதலாவதை மட்டும் எங்கள் தலையில் கட்டிவிட்டு, மற்ற இரண்டையும் தொடாமலே போய்விட்டார்.

சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கான சிகிச்சை ஆகிய மூன்றையும் ஒரு மருத்துவமனை செய்ய முடிந்தால்தான் அங்கே அடிப்படை அறுவை வசதி இருப்பதாகக் கொள்ளலாம் என்றும், அத்தகைய இடத்தை மக்கள் இரண்டு மணி நேரத்துக்குள் அடைய வேண்டும் என்றும் அதே அறிக்கை அளவுகோல் வைக்கிறது. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல். பாம்பன் பாலத்தில் சுற்றுலா வண்டிகளை ஓரங்கட்டி நிறுத்திப் படம் எடுக்கும் நாட்களில் 108 வண்டி ஊர்ந்துதான் போக வேண்டும்.

விசைப்படகில் வின்ச் கம்பியில் கால் சிக்கிய இளைஞர் ஒருவரை விடியும் முன்பே கொண்டுவந்தார்கள். படகுப் பலகைத் துண்டை அணைவைத்து நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கட்டை அவிழ்த்தபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, காயத்தைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கரை தொட்டதும் நேரே வந்தவர்கள் அவர்கள். அறுவை மருத்துவர் இருந்தார், கருவிகளைக் கொதிகலனில் போட்டு நான் தயாராக வைத்திருந்தேன், பச்சைத் துணி போர்த்திய மயக்க மருந்து இயந்திரமும் இருந்தது. அதை இயக்க வேண்டிய மயக்கவியல் மருத்துவர் பணியிடம்தான் நெடுங்காலமாகக் காலியாகக் கிடந்தது. காயத்தைக் கழுவிக் கட்டி, ஊசி போட்டு, மதுரைக்கு எழுதிக் கொடுத்தோம். அங்கே முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தம்பியின் அம்மா என்னைக் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை; தங்கள் கட்டுரையாளரிடம் இருக்குமானால் தயவுசெய்து சொல்லட்டும்.

குடலிறக்கத்தை ஆண்டுக்கணக்கில் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்களை நான் நன்கு அறிவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் தியேட்டர் பட்டியல் அவர்களால் நிரம்பும், ஏனென்றால் கூலியை இழக்காமல் படுக்க அவர்களுக்குக் கிடைக்கும் நாட்கள் அவை மட்டுமே. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அறுவைச் செலவை ஏற்கிறது, அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் துணைக்கு வருபவரின் பேருந்துக் கட்டணத்தையும், மதுரையில் தங்கும் செலவையும், கடலுக்குப் போகாத நாட்களின் வருமானத்தையும் அது தராது. அறுவைக்கான மருத்துவச் செலவால் மட்டும் உலகில் ஆண்டுக்கு 3.3 கோடிப் பேர் நொடித்துப் போகிறார்கள் என்றால், பயணம், உணவு போன்ற பிற செலவுகளால் மேலும் 4.8 கோடிப் பேர் நொடிக்கிறார்கள் என அந்த லான்செட் அறிக்கையே கணக்கிட்டிருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் எங்கள் மக்கள் தள்ளிப்போடுகிறார்கள்.

தங்கள் இதழை நான் நெடுநாட்களாக வாங்கிப் படிப்பவள் என்ற உரிமையில் இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன். புதிய மருத்துவமனைக் கட்டடம் திறக்கும்போதெல்லாம் படம் போடுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து உள்ளே யார் பணியில் இருக்கிறார்கள் என்று ஒருமுறையும் எழுதியதில்லை. 2022இல் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது எங்களுக்குப் பெரும் ஆறுதல்தான். அந்த ஆறுதல் ராமேசுவரம் தீவுக்கும், சாயல்குடிப் பக்கத்துக்கும், தொண்டிக்கும் இரவு நேரத்தில் எப்படிப் போய்ச் சேருகிறது என்று தாங்கள் கேட்கவில்லை. கடல்பாசி எடுக்கும் பெண்கள் பாறையில் கால் கிழிந்து, சீழ் வைத்து, வெட்டித் திறக்க வேண்டிய நிலையில் வருவதைப் பற்றி முன்பு தங்களுக்கு எழுதினேன். அது வெளிவரவில்லை. இடமில்லாமல் போயிருக்கலாம் என்று அப்போது என்னைத் தேற்றிக்கொண்டேன்.

வழியில்லாத நாடுகள் என்று தாங்கள் எழுதும் நாடுகளே வழி கண்டிருக்கின்றன. மருத்துவர்கள் போதாத மொசாம்பிக்கில், மருத்துவர் அல்லாத பணியாளர்களுக்கு 1984 முதல் அறுவைப் பயிற்சி தந்து கிராம மருத்துவமனைகளில் சிசேரியன் செய்ய வைத்தார்கள். அங்கே செய்ததை அப்படியே இங்கே செய்யச் சொல்லவில்லை. நம் நாட்டிலேயே எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு அவசர மகப்பேற்றுக்கான மயக்க மருந்துப் பயிற்சித் திட்டம் உண்டு. தொடக்கத்தில் அது 18 வாரப் பயிற்சியாக இருந்தது. எங்கள் கடற்கரை மருத்துவமனைகளில் அப்படிப் பயின்றவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த ஊரில் பணியில் இருக்கிறார்கள் என்று தங்கள் செய்தியாளர் விசாரித்து எழுதியிருந்தால், அந்தக் கட்டுரையை நான் வெட்டி எடுத்து வைத்திருப்பேன்.

என் வேண்டுகோள் சிறியது. மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒருமுறை, ராமநாதபுரம் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மயக்கவியல் மருத்துவர் எங்கே, எந்தெந்த நாட்களில், எந்த நேரங்களில் பணியில் இருக்கிறார் என்பதையும், ரத்த வங்கியின் தொலைபேசி எண்ணையும் ஒரு கட்டத்துக்குள் வெளியிடுங்கள். பேருந்து நேரத்துக்கு ஒதுக்கும் இடமே இதற்குப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.