பாப்பாவுக்கு, கரண்ட் பில் விஷயமாக

பாப்பா,

உன் வீட்டு பில் மெசேஜ் நேற்று என் போனுக்கு வந்தது. வீடு பிடித்தபோது கொடுத்த நம்பரை நீ மாற்றவே இல்லை போல. 700 யூனிட். போன வருஷம் இதே கத்திரி வெயிலில் 340தான். பணத்துக்காகச் சொல்லவில்லை, நான் கட்டிவிட்டேன், அம்மாவிடம் இதை ஒரு பேச்சாக எடுக்காதே. ஆனால் 500ஐத் தாண்டினால் கீழ் யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறிவிடும், அது தெரியும்தானே?

முதலில் ஏசி ஃபில்டரைக் கழற்றிப் பார். கழுவி எத்தனை மாசம் ஆச்சோ. ஏசி மெக்கானிக் பெண் வீட்டில் ஏசி இப்படி இருக்கலாமா? நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்துகொண்டு கஸ்டமரிடமே பாடம் நடத்துவாய், ஏசி குளிரை உண்டாக்காது, ரூமில் இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளும், அவ்வளவுதான் என்று. பெரிய மாமா இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். உள்ளே இருக்கிற காயிலில் கேஸ் குறைந்த பிரஷரில் கொதித்து ஆவியாகும். உன் ஏசியில் இருக்கிற ஆர்32 கேஸ் வெளியே சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதைக் கொதிக்க வைக்க ரூம் காற்றின் சூடே போதும். அந்த ஆவியை அவுட்டோரில் இருக்கிற கம்ப்ரசர் இழுத்து அழுத்தும், அழுத்த அழுத்த அது வெளி வெயிலை விடச் சூடாகும், அதனால்தான் கத்திரியிலும் அதனால் சூட்டை வெளியே விட முடிகிறது. விட்டுவிட்டுத் திரவமாகித் திரும்பி வரும்போது நடுவில் பிரஷர் சட்டென்று விழும், ஜில்லென்று மறுபடி காயிலுக்குள். இந்தச் சுற்றில் எங்கே காற்று தடைபட்டாலும் கம்ப்ரசர்தான் இழுத்துக்கொண்டு கிடக்கும். பால்கனியில் அவுட்டோர் மேல் துணி காயப் போடாதே என்று போன தடவையே சொன்னேன்.

சர்வீஸ் பையன் வந்து கேஸ் குறைந்துவிட்டது, டாப் அப் பண்ணணும் என்றால் உடனே காசைக் கொடுத்துவிடாதே. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சாமான் இல்லை. குறைந்தால் எங்கேயோ லீக். லீக்கை அடைக்காமல் அடித்தால் அடுத்த கோடைக்குள் அதுவும் போய்விடும்.

16இல் வைக்கிறாயா? 24இல் வை, ஃபேனையும் போடு. ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசில் மின் சிக்கனத்தைப் பார்க்கிற பி.இ.இ. ஆட்களே சொல்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அழுக்கு ஃபில்டர் பில்லைக் கொஞ்சம் ஏற்றும், இரண்டு மடங்கு ஆக்காது. கூடுதல் 360 யூனிட், இரண்டு மாசம், ஆக நாளுக்கு ஆறு யூனிட். உன் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி கூலிங் ஏறின பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டு மணிக்கு அரை யூனிட், வெயில் நேரத்தில் அதற்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். அப்படியானால் தினமும் பத்து மணி நேரம் கூடுதலாக ஓடியிருக்கிறது. ராத்திரியில் பத்து மணி நேரத்தை எங்கே கூட்டுவது?

போன வாரம் காலை பதினோரு மணிக்குக் கூப்பிட்டபோது "ஆபீஸ்ல இருக்கேன்பா, அப்புறம் பேசுறேன்" என்றாய். பின்னால் பழைய இரும்பு வாங்குகிற வண்டி மைக்கில் கத்திக்கொண்டு போனது. உன் ஆபீஸ் ஏழாவது மாடி என்றுதான் ஞாபகம். சரி, ஜன்னல் திறந்திருக்கும்.

ஜன்னல் என்றதும் இன்னொன்று. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, ரூமில் இருக்கிற அதே காற்றைத்தான் திருப்பித் திருப்பிச் சுற்றவிடும். பகல் முழுக்க மூடிய ரூமுக்குள்ளேயே ஒருத்தர் இருந்தால் தலை கனக்கும், எதிலும் மனசு ஒட்டாது. யாராக இருந்தாலும் பொதுவாகச் சொல்கிறேன். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி ஜன்னலைத் திறந்து போடு.

அம்மா நன்றாக இருக்கிறாள். நீ அனுப்புகிற கைகூப்பும் படத்தை எல்லாருக்கும் காட்டுகிறாள், நாலு வார்த்தை பேசினால் இன்னும் நன்றாக இருப்பாள். சின்னத்தை உன் வேலையைப் பற்றிக் கேட்டாள், நல்லாப் போகுது என்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் நீ படித்த படிப்பை யாரும் படிக்கவில்லை, அது எங்கேயும் போகாது. உன் அக்கவுண்டில் கொஞ்சம் போட்டிருக்கிறேன், இந்த மாச வாடகைக்கு வைத்துக்கொள், திருப்பித் தருகிற பேச்சே வேண்டாம். ஜன்னலைத் திற.

வியாழக்கிழமை ராத்திரி பாண்டியனில் ஏறுகிறேன், வெள்ளி காலையில் எழும்பூர். ஜெட் பம்ப்பும் கேஜும் கொண்டுவருகிறேன், உள்ளே வெளியே இரண்டு காயிலையும் கழுவிவிட்டு பிரஷரும் பார்த்துவிடுகிறேன். நீ ஆபீஸுக்குக் கிளம்புவதாக இருந்தால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ. வீட்டில் இருந்தாலும் சரிதான், ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

அப்பா