காயில் கட்டினால் போதுமா?

சூலூர்,
ஞாயிறு காலை

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் பக்கம் மழை பெய்ததைக் கேட்டு மனசு குளிர்ந்தது. இங்கே ஒரு தூறலோடு சரி. அம்மாவுக்குக் கால்வலி தேவலை.

"எரிந்துபோன மோட்டாருக்கே காயில் கட்டி ஓட்டுகிறோம், பழைய ஹெலிகாப்டருக்குப் புது இன்ஜின் மாட்டினால் ஆகாதா?" என்று கேட்டிருந்தாய். சீட்டா ஹெலிகாப்டரிலேயே பாதி சர்வீஸைக் கழித்தவன் சொல்கிறேன், அதையும் செய்து பார்த்தாச்சு. இன்ஜினை மாற்றி வந்ததுதான் சீத்தல். உயரத்தில் தெம்பு கூடியது, ஆனால் உடம்பு அதே உடம்பு. பிரான்ஸ்காரர்களின் லாமா ஹெலிகாப்டருக்கு உரிமம் வாங்கி 1970களில் நம் அரசு விமானக் கம்பெனி எச்ஏஎல் கட்ட ஆரம்பித்த மெஷின் சீட்டா. அவர்கள் லாமா கட்டுவதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிறது. ஒரு சின்ன உதிரி பாகத்துக்காக, நிற்கிற மெஷினிலிருந்து கழற்றி இன்னொன்றுக்கு நாங்கள் போட்டிருக்கிறோம்.

அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. 1972-இல் பிரெஞ்சு பைலட் ஜான் பூலே லாமாவில் 12,442 மீட்டர் ஏறினார். மேலே இன்ஜின் அணைந்துபோக, விசிறி காற்றில் தானாகச் சுழல்வதை வைத்தே பத்திரமாக இறங்கினார். சியாச்சினில் உயரமான ராணுவ போஸ்ட்டுகளுக்கு ஒரே ஒரு கேன் மண்ணெண்ணெய் கொண்டுபோவதற்கும் சீட்டாதான். அந்தக் குளிரில் கையுறையோடு நட்டு பிடிபடாது, கழற்றினால் விரல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். காக்பிட்டில் எல்லாம் முள் காட்டுகிற பழைய மீட்டர்கள். மேகம் மூடினால் பைலட்டுக்குக் கண்ணும் கையும்தான் துணை.

2021 டிசம்பரில் இங்கிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்ததை ஊரில் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது வேறு. அந்த எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் அவ்வளவு பழசில்லை, திடீரென்று மேகத்துக்குள் போய்விட்டது என்றுதான் விசாரணையில் சொன்னார்கள்.

சீட்டாவுக்குப் பதிலாக எச்ஏஎல் செய்த புது ஹெலிகாப்டர் எல்யூஎச் முதலில் பறந்தது 2016-இல். அதைக் கட்ட கர்நாடகாவின் துமகூருவில் தொழிற்சாலையும் 2023-இல் திறந்தாச்சு. எல்யூஎச்சும் ஒற்றை இன்ஜின்தான், இருந்தாலும் உடம்பு புதுசு, காக்பிட்டில் திரைகள். சீட்டாவை இன்னும் ஒட்டுப்போட்டு இழுக்காமல், அந்தப் பணத்தில் இதைச் சீக்கிரம் கொடுக்கட்டும். மேலே பறக்கிறவன் நம் வீட்டுப் பையன் மாப்பிள்ளை.

மாரியம்மன் நோம்பிக்குக் கட்டாயம் வா. நீ கட்டிக் கொடுத்த கிணற்று மோட்டாரில் பேரிங் கத்துகிறது, ஒரு ஜோடி எடுத்து வா.

அன்புடன்,
உன் சூலூர் மாப்பிள்ளை