யூரியாவை வயலில் தங்க வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிசானப் பருவ நெல் நடவு வந்தாலே தாமிரபரணிப் பாசனத்தில் யூரியாவைத்தான் எல்லோரும் தேடுகிறோம். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 20.7 கிலோ. இயற்கை எரிவாயுவைச் செலவழித்துச் செய்த அந்தச் சத்தில் பாதிக்கு மேல் நெல்லுக்குச் சேராமல் போவது வேதனை. தேங்கிய நீரில் வீசினால் அமோனியாவாகப் பறந்துவிடும். நீரை வடித்து, சேற்றில் இடுங்கள். யூரியா 5, ஜிப்சம் 4, வேப்பம்புண்ணாக்கு 1 பங்கு கலந்து ஓரிரவு வைத்து இட்டால் சத்து மெல்லக் கிடைக்கும். நட்ட பயிருக்கு இடும் மேலுரத்துக்கு, இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டையைப் பாருங்கள். பக்கத்து வயலின் கரும்பச்சையைப் பார்க்காதீர்கள், அங்கேதான் புகையான் பூச்சியும் குலைநோயும் முதலில் வரும். பிசானத்துக்கு முந்தைய கார் பருவத்தில் நெல் போடாத வயலில், பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதால் ஒரு மூட்டை யூரியா மிச்சம். அதன் விதை, நடவுக்கு இரண்டு மாதம் முன்பே வேளாண் விரிவாக்க மையங்களில் கிடைக்க வேண்டும்.

– விவசாயிகள், அம்பாசமுத்திரம் வட்டாரம்