ஒரு வரிசையில் ஒரு பதிவு: தரவுக் கோப்பு வெளியிடும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு, வணக்கம்.

வட்டவாரி விவரங்களை எக்செல் கோப்பாகவே பொதுவில் வைக்கிறீர்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டுமே கிடைத்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், அதற்கு நன்றி. ஆனால் அண்மையில் வந்த கோப்பை ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதி வரிசை வரிசையாகப் படித்தால், தமிழ்நாட்டின் 38 மாவட்டங்கள் வர வேண்டிய இடத்தில் 41 வருகின்றன. பிழை கோப்பில்தான் இருக்கிறது.

முதல் சிக்கல், மாவட்டப் பெயர்க் கட்டங்களை நீங்கள் மெர்ஜ் செய்வது, அதாவது பல கட்டங்களை ஒன்றாக இணைப்பது. திரையில் 'மதுரை' என்பது தன் வட்டங்கள் அனைத்துக்கும் பொதுவாக நடுவில் நிற்கிறது. கோப்புக்குள்ளோ அந்தப் பெயர் மேல் மூலைக் கட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில், எக்செல் கோப்பைப் படிக்கும் ஓபன்பைஎக்செல் நிரலகம் கொண்டு ஃபார் லூப் (ஒவ்வொரு வரிசைக்கும் திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) ஓட்டினால் முதல் வரிசைக்கு 'மதுரை' கிடைக்கும். அதற்குக் கீழே எல்லாம் வெற்று மதிப்பு. மாவட்டவாரியாகக் கூட்டினால் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் முதல் வட்டத்தின் எண் மட்டுமே சேரும்.

இதைச் சமாளிக்க வழி உண்டு. லூப்புக்கு வெளியே ஒரு மாறி வைத்து, பெயர் வரும்போது அதில் சேமித்து, கட்டம் காலியாக இருந்தால் முந்தைய பெயரையே எடுத்துக்கொள்ளலாம். பாண்டாஸ் என்ற பைத்தான் நிரலகத்தில், காலிக் கட்டத்தை மேலுள்ள மதிப்பால் நிரப்பும் எஃப்ஃபில் என்ற ஒரே கட்டளை போதும். ஆனால் தட்டச்சு செய்தவர் ஒரு மாவட்டத்தின் பெயரை மறந்து விட்டிருந்தால்? அதன் வட்டங்கள் அத்தனையும் மேலே உள்ள மாவட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. தவறான எண் சரியான எண்ணைப் போலவே அட்டவணையில் உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு அச்சம் தருவது இதுதான்.

இவ்வளவு செய்த பிறகும் மூன்று மாவட்டங்கள் மிகுதியாக நிற்கின்றன. ஒன்று, மாவட்டப் பத்தியின் கடைசியில் எழுதியுள்ள 'மொத்தம்'. இன்னொன்று, பின்னால் ஓர் இடைவெளியோடு தட்டச்சான 'தேனி'. மூன்றாவது, கோயம்புத்தூர். அதன் 'கோ' சில வரிசைகளில் 'ோ' என்ற ஒரே குறியாகவும், சில வரிசைகளில் 'ே', 'ா' என இரண்டு குறிகளாகவும் பதிவாகியிருக்கிறது. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு ஊர்கள். ஓரத்து இடைவெளிகளை ஸ்ட்ரிப் கட்டளையால் நீக்கி, பிறகு ஒரே எழுத்தின் வெவ்வேறு பதிவுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி முறையில் இயல்பாக்கினால் சரியாகும். இந்த வேலையைக் கோப்பை இறக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே செய்ய வேண்டுமா? நீங்கள் ஒருமுறை செய்தால் போதுமே.

ஆகவே கேட்பது இதுதான்: ஒரு வரிசையில் ஒரு பதிவு. ஒவ்வொரு வட்டத்தின் எதிரிலும் மாவட்டப் பெயர் முழுமையாக இருக்கட்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் இடையில் வரும் கூட்டுத்தொகை வரிசைகளை நீக்குங்கள். அவற்றையும் லூப் சேர்த்துக் கூட்டுவதால் எல்லா எண்களும் இரட்டிக்கின்றன. தலைப்பு ஒரே வரிசையில் அடங்கட்டும். குறியீட்டு எண் பத்தியை, எண்களை இடும் முன்பே உரை வடிவுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் '0412' என்பது 412 ஆகிவிடும். ரத்தான பதிவுகளைச் சிவப்பு நிறத்தால் குறிக்காமல் 'நிலை' என்று தனிப் பத்தி கொடுங்கள். மதிப்பைப் படிக்கும் லூப்புக்கு நிறம் தெரியாது.

கோப்பின் வடிவம் சிறிய விஷயம் என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. அந்த வரம்பால் 2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் அன்றாடக் கணக்கில் விடுபட்டது. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமானது. தமிழ்நாடு அரசு யுனிகோடு எனும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010இல். இன்னும் சில கோப்புகள் பழைய எழுத்துருக் குறியீட்டிலேயே வருவதை என்னவென்று சொல்வது? அவற்றில் 'சேலம்' என்று தேடினால் ஒரு வரிசைகூடச் சிக்காது.

அச்சுக்கு அழகான அட்டவணை உங்களுக்குத் தேவை என்பது புரிகிறது. அதை எக்செல் கோப்பின் ஒரு தாளில் (ஷீட்) வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வெறும் தரவை, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்பாகவும் தாருங்கள். சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வியைத் தேர்ந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்த வெளியீட்டிலாவது ஒரு வரிசையில் ஒரு பதிவு என்ற முறையில் கோப்பைத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தரவைப் பயன்படுத்துவோர்